மிஷின் வராத வகுப்பு

எண்பதுகளின் பிற்பாதியில் ஒன்றரை வருஷம் போல நான் தென்காசியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஒன்றரை வருஷத்தில் ஒருநாள்கூட எங்கள் வகுப்பில் கம்ப்யூட்டர் இருந்ததில்லை. இதை இப்போது சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன். ஆனால் அதனால் என் மதினிக்கு நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு இலஞ்சியில் வீட்டோடு இருந்த காலம் அது. தென்காசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற சாலையில் ஓர் உரக்கடை. அதன் மாடியில் ஓர் அண்ணாச்சி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தார். படியில் கால் வைத்ததுமே யூரியா வாடை மூக்கில் ஏறும். மேலே போனால் பத்துப் பன்னிரண்டு மிஷின்கள் ஒரே நேரத்தில் தடதடக்கும். மெட்ராஸுக்குப் போய்வந்த யாரோ அவரிடம், "இனிமே டைப்ரைட்டிங் எடுபடாது, எல்லாம் கம்ப்யூட்டர்தான்" என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணாச்சி அந்த வாரமே போர்டை மாற்றி எழுதிவிட்டார். சிவப்பு எழுத்தில் கம்ப்யூட்டர் சென்டர், பக்கத்தில் டி.வி. பெட்டி மாதிரி ஒரு படம். அதற்கப்புறம்தான் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார். கணக்குப் படித்த பெண் என்று என்னைக் கை காட்டியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதலில் என்னை மதுரைக்கு மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பினார். பெரியம்மா வீட்டில் தங்கிப் போய்வந்தேன். அங்கே இருபது பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். அது ஒரு கண்ணாடி அறைக்குள் குளிரில் இருக்கும். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவோம். கடைசி அரை மணி நேரம் மட்டும் இரண்டிரண்டு பேராக உள்ளே விடுவார்கள். நாங்கள் போகும்போதே திரையில் பச்சை எழுத்து மினுங்கிக்கொண்டிருக்கும். கீபோர்டைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். எனக்கு முறை வந்தது மொத்தம் நான்கு தடவையோ ஐந்து தடவையோ. ஒரு தடவை என் பெயர் திரையில் பத்து வரி வருகிற மாதிரி ஒரு புரோகிராம் அடித்துக் காட்டினேன். பத்து வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி வந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்று வாரம் முடிந்து, இரண்டு நோட்டு நிறையக் குறிப்புகளோடு ஊருக்கு வந்து இறங்கினேன். நான் கம்ப்யூட்டர் டீச்சர் ஆகிவிட்டேன்.

அண்ணாச்சி அதற்குள் மாடியில் ஒரு பக்கத்தைப் பலகை வைத்துத் தடுத்து அறையாக்கியிருந்தார். தரையில் பச்சை விரிப்பு, ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை, நடுவில் ஒரு புது மேசை. மேசைமேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. தூசி ஆகாது என்று செருப்பை வாசலிலேயே கழற்றச் சொன்னார். பிள்ளைகள் கோயிலுக்குள் வருகிற மாதிரி கழற்றிவிட்டு வந்து, அந்த வெறும் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள்.

"மிஷின் எப்ப வரும் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"புக் பண்ணியாச்சு டீச்சர். மெட்ராஸ்ல ரெடியா இருக்காம். இப்பம் சாரல் காலம்லா? இந்த ஈரக்காத்து அதுக்கு ஆகாதுன்னு சொல்லுதாவ. சீசன் முடியட்டும்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் கொடியில் போட்ட துணி மூன்று நாளைக்குக் காயாது. தீக்குச்சி பற்றாது. அப்படிப்பட்ட காற்றில் மெட்ராஸிலிருந்து வருகிற மிஷின் என்ன ஆகும்? சீசன் முடிந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழையோடு லாரியில் ஏற்ற மாட்டார்களாம். மழை விட்டது. இங்கே கரண்ட் ஏறி ஏறி இறங்குகிறது, அதற்கென்று ஒரு ஸ்டெபிலைசர் முதலில் வர வேண்டும் என்றார். நானும் பிள்ளைகளிடம் அதையே சொன்னேன்.

ஆகவே கரும்பலகைதான் என் கம்ப்யூட்டர். நான்கு கட்டம் போட்டு அம்புக்குறி இழுப்பேன். இன்புட், சி.பி.யூ., மெமரி, அவுட்புட்.

"ரைஸ் மில்லுல நெல்லைக் கொட்டுதோம்லா, அது இன்புட். அரிசியா வருது, அது அவுட்புட். நடுவுல நடக்க வேலை பிராசஸ்" என்றேன்.

வடகரையிலிருந்து வருகிற ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அப்பம் தவிடு எதுல சேத்தி டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. "அது அடுத்த பாடத்துல வரும்" என்று சொல்லிவிட்டேன்.

ரேம் என்றால் கரண்ட் இருக்கிறவரைதான் ஞாபகம், கரண்ட் போனால் அவ்வளவும் மறந்துபோகும், ரோம் மறக்காது. இதைச் சொல்லி வாயை மூடவில்லை, மின்விசிறி நின்று அறை இருட்டாகிவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றைக்குப் புரிந்த மாதிரி அவர்களுக்கு வேறெந்தப் பாடமும் புரிந்திருக்காது. ஃப்ளாப்பியை நான் மதுரையில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஒரு கறுப்பு அட்டையைச் சதுரமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, "இது மாதிரிதான் இருக்கும்" என்று கை மாற்றிக் கை மாற்றிக் காட்டச் சொன்னேன். ஓரங்கள் நைந்துபோய் அதை இரண்டு தடவை புதிதாக வெட்ட வேண்டியிருந்தது.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் பம்பாயில் ஒரு கம்பெனியில் வேலையாக இருந்தான். கம்பெனியை மூடிவிட்டார்கள். சும்மா ஊருக்கு வந்து நிற்க வெட்கப்பட்டு, இன்று கிடைக்கும் நாளைக்குக் கிடைக்கும் என்று அங்கேயே அலைந்துகொண்டிருந்தான். முதலில் வாரம் ஒரு கடிதம் வந்தது. பிறகு மாதம் ஒன்று. மதினியும் ஐந்து வயது மகளும் எங்களோடு இலஞ்சியில் இருந்தார்கள். மதினி கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அவள் விரல்கள் மடியில் எதையாவது அடித்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் மத்தியானம் நான் கிளம்பும்போது, "ஏட்டி, நானும் வாரேன்" என்று அவளும் சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பிள்ளையை அம்மா பார்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் என்னோடு பஸ் ஏறி வந்து, முதல் வரிசையில், என்னைவிட இளைய பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். வகுப்பில் எல்லோரையும் போல என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். படி இறங்கியதும் மறுபடி ஏட்டி.

காலையில் அடுக்களையில் அவள் காய் நறுக்க, நான் கேள்வி கேட்பேன்.

"பிட்டுன்னா?"

"ஒண்ணு, இல்லன்னா பூஜ்யம்."

"பைட்டு?"

"எட்டு பிட்டு."

"எனக்கு ரெண்டு பிட்டு போதும்" என்பாள் பிள்ளை, தட்டை எடுத்துக்கொண்டு. அரிசிப் பிட்டு அவிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும் அது. மதினி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வருகிறவரை சிரிப்பாள். இன்னொரு நாள் ரேம், ரோம் கேட்டபோது, "எனக்கு ரெண்டாவதுதாம்ட்டி. சவம் ஒண்ணாவது அழிய மாட்டேங்கு" என்றாள். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மாசி மாதம் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. திருநெல்வேலியில் ஓர் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் இரண்டு பேர் வேண்டும். டைப்ரைட்டிங் ஹையர், கம்ப்யூட்டர் அறிவு. மதினி அந்தப் பேப்பரை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஒருநாள் முழுக்கத் திரிந்தாள். பிறகு என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"நீயும் போடு. ரெண்டு எடம்லா? ரெண்டு பேரும் போவோம்."

"எனக்கு எதுக்கு மதினி? நான் ஒரு வேலைல இருக்கேன்லா" என்றேன். அது காரணம் இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவளுக்கு மட்டும் விண்ணப்பத்தை என் கையாலேயே எழுதிக்கொடுத்தேன். கணினியில் நல்ல தேர்ச்சி என்று எழுதிய வரி எனக்கு இன்றும் கண்முன் நிற்கிறது.

இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்துவிட்டது. வெள்ளன எழுந்து இரண்டு பேரும் பஸ் ஏறினோம். பஸ்ஸிலும் கேள்வி கேட்டுக்கொண்டே போனேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "பரீட்சையாம்மா?" என்றார்.

ஆபீஸில் ஒரு நீளமான ஹால். ஒரு மூலையை இடுப்பளவு மரத்தாலும் அதற்குமேல் கண்ணாடியாலும் தடுத்து, உள்ளே கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். மேலே திறந்திருந்ததால் உள்ளே பேசுவது வெளியே பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. எட்டு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். உள்ளே இரண்டு அதிகாரிகள். ஒருவர் கண்ணாடி போட்ட வயதானவர். இன்னொருவர் வெளியூரிலிருந்து வந்த இளைஞர். மிஷினைப் பற்றித் தெரிந்தவர் அவர்தான்.

மதினியை மூன்றாவதாகக் கூப்பிட்டார்கள். கேள்விகள் ஆரம்பித்தன. சி.பி.யூ. என்றால் என்ன, பைட் என்றால் என்ன, ஹார்ட்வேர் எது, சாஃப்ட்வேர் எது. மதினி கணீரென்று சொல்லிக்கொண்டே போனாள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் என் காதில், "யாரு உங்க அக்காவா?" என்று கேட்டாள்.

"நல்லா படிச்சிருக்கீங்களே. எங்க படிச்சீங்க?" என்றார் வயதானவர்.

"தென்காசியில சார். அந்தா, என் நாத்தனார்தான் டீச்சர்" என்று கண்ணாடி வழியாக என்னைக் காட்டினாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

"சரி. மிஷினை ஆன் பண்ணி, ஒரு லெட்டர் அடிச்சுக் காட்டுங்க" என்றார் இளைஞர்.

மதினி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். விரல்களைக் கீபோர்டில் வைத்தாள். எடுத்தாள். முன்பக்கம் பார்த்தாள். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி பெட்டியின் ஓரத்தை மெதுவாகத் தொட்டாள். சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்தாள். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது. பிறகு தலையைத் திருப்பி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

கூட இருந்து சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. ஒரு சைகை காட்டினால் போதும். மேலேயா, கீழேயா, பக்கத்திலா, ஏதோ ஒன்று. எனக்குத் தெரியவில்லை. மதுரையில் நான் உள்ளே போன ஒவ்வொரு தடவையும் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதை யார் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்று நான் பார்த்ததே இல்லை. எட்டு மாதமாகக் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன், ஒருநாள்கூட இது எனக்குத் தோன்றவில்லை. நான் குனிந்து தரையைப் பார்த்தேன்.

இளைஞர் எழுந்து, கையைப் பெட்டிக்குப் பின்னால் விட்டு டக்கென்று எதையோ தட்டினார். பெட்டி உறுமியது. மதினி நாற்காலியோடு ஓரடி பின்னால் போய்விட்டாள். பெஞ்சில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் திரையில் எழுத்து வந்தது. மதினி அதை வாசித்தாள்.

"தேதி கேக்குது சார்."

"கேட்டாச் சொல்லுங்க" என்றார் இளைஞர்.

மதினி நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி, அன்றைய தேதியை இங்கிலீஷில் அந்தத் திரையிடம் சத்தமாகச் சொன்னாள்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. வெளியே நின்ற பியூன்கூடச் சிரித்தான். வயதானவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அடிக்கணும்மா. அடிச்சிட்டு என்டர்" என்றார் இளைஞர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. மதினி தேதியை அடித்தாள். அதை மிக வேகமாகத்தான் அடித்தாள். அதற்கப்புறம் கை நின்றுவிட்டது. நான் வகுப்பில் சார்ட்டில் வரைந்த கீபோர்டில் என்டர் என்று எழுத்தாகவே எழுதியிருந்தேன். அந்த மிஷினில் அந்த எழுத்தே இல்லை, வளைந்த ஓர் அம்பு மட்டும்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவள் ஒவ்வொரு கட்டையாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நேரமாகுதும்மா. அடுத்தவங்க வரட்டும்."

மதினி எழுந்தாள். "தேங்க்யூ சார்" என்றாள். நாற்காலியை இருந்த இடத்திலேயே சரியாகத் தள்ளி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

திரும்பும்போது ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். ஆலங்குளத்தில் பஸ் நின்று ஆள் ஏறுகிற சத்தத்துக்கு நடுவில் கேட்டாள்.

"அந்த சுவிட்சு பின்னால இருக்கும்னு ஒனக்குத் தெரியுமாட்டி?"

"தெரியும் மதினி. சொல்ல மறந்துட்டேன்."

அந்தப் பதில் எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. யோசிக்கவே இல்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி வெளியே பார்த்தாள். நான் திருத்திச் சொல்லியிருக்கலாம். பாவூர்சத்திரம் வந்தது, தென்காசி வந்தது, இலஞ்சி பஸ்ஸும் மாறி ஏறியாயிற்று. சொல்லவில்லை.

வீட்டில் அம்மா காபி போட்டுவைத்துக் காத்திருந்தாள். "என்ன ஆச்சு?" என்றாள். அப்பாவும் பேப்பரை மடித்தார்.

"நாந்தான் அத்த, பதட்டத்துல எல்லாத்தையும் மறந்துட்டேன்" என்றாள் மதினி. "அவ நல்லாத்தான் சொல்லித் தந்தா. என் மண்டைல நிக்கல."

நான் கால் கழுவுகிற சாக்கில் புறவாசலுக்குப் போய்விட்டேன். தொட்டியில் இருந்த தண்ணீர் முழுவதையும் காலில் ஊற்றிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் வகுப்புக்கு முன்னால் அண்ணாச்சியிடம் போனேன். வழியெல்லாம் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன்.

"மிஷின் வரட்டும் அண்ணாச்சி. அதுக்குப் பொறவு கிளாஸ் எடுக்கேன். இனி வெறும் வாயால சொல்லிக்குடுக்க என்னால ஆகாது."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். டிராயரைத் திறந்து நாலைந்து கடிதங்களை எடுத்து என் முன்னால் வைத்தார். எல்லாம் மெட்ராஸ் ஏஜென்ட் எழுதியவை. அடுத்த வாரம், அடுத்த மாதம், வந்துகொண்டே இருக்கிறது. கடைசிக் கடிதம் வந்து மூன்று மாதத்துக்குமேல் ஆகியிருந்தது.

"நேர்ல போய்க் கேக்க வேண்டியதுதான அண்ணாச்சி?"

"போனேன் டீச்சர். ஆபீஸு பூட்டிக் கெடக்கு. பக்கத்துல கேட்டா, காலி பண்ணிட்டுப் போயாச்சுங்கான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுலகூடச் சொல்லல. நான் மட்டும் அத என்னைக்குக் கண்டேன்? அது நெட்டையா குட்டையான்னுகூட எனக்குத் தெரியாது. ஒரு படத்தைப் பாத்துத்தான் போர்டு எழுதச் சொன்னேன். இப்பம் போயி இல்லன்னு சொன்னா, டைப்ரைட்டிங்குக்கு வர பிள்ளையளும் வராது. நீங்களும் நின்னுட்டியன்னா..."

அவர்மேல் கோபப்படலாம் என்றுதான் வந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் கோபம் வரவில்லை. மூன்று மணி வகுப்புப் பிள்ளைகள் படியேறி வருகிற சத்தம் கேட்டது. என்னைப் பார்த்தார். நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மதினி அன்றைக்கு வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

கோடை முடியும்போது சான்றிதழ்கள் அச்சாகி வந்தன. கெட்டித் தாள், தங்க நிற ஓரம். எல்லோருக்கும் முதல் வகுப்பு. கீழே ஆசிரியர் கையெழுத்து என்று ஒரு கோடு. உட்கார்ந்து அத்தனையிலும் கையெழுத்துப் போட்டேன். மதினி பெயரிலும் ஒன்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கையெழுத்து அழகா இருக்குட்டி" என்று பெட்டிக்குள் வைத்தாள்.

வாசுதேவநல்லூரிலிருந்து வகுப்புக்கு வந்த ஒரு பெண்ணின் அப்பா, விவசாயி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என்னைப் பார்க்க மாடியேறி வந்தார்.

"இத வச்சு மெட்ராஸ்ல வேலை கெடைக்குமா டீச்சர்? அவ மாமா அங்கன இருக்காரு. அனுப்பி வைக்கலாமான்னு பாக்கேன்."

"அங்க போயி கொஞ்ச நாள் மிஷின்ல பழகிக்கிடணும்" என்றேன்.

"ஏன், இங்கன பழகலியா?"

பின்னாலிருந்து அண்ணாச்சி, "மேல்படிப்பு அங்கனதான்" என்று முடித்துவைத்தார். அந்த மனிதர் நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டுப் படி இறங்கிப் போனார். அந்தப் பெண் மெட்ராஸ் போனாளா, போய் என்ன ஆனாள் என்பது எனக்குத் தெரியாது. பழத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துவர மனமில்லாமல் கீழே உரக்கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆடி மாதம் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. வேலை கிடைத்துவிட்டது, சின்ன வேலைதான், ஒரு அறை பார்த்திருக்கிறேன், இரண்டு பேரையும் அனுப்பிவையுங்கள் என்று எழுதியிருந்தான். மெட்ராஸ் வரை அப்பா கூடப் போய் பம்பாய் ரயிலில் ஏற்றிவிடுவதாக முடிவாயிற்று. நான் தென்காசி ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். அப்பா கூஜாவில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். மதினி பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். இப்போது விட்டால் இனிமேல் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"மதினி, அன்னைக்கு நான் மறக்கல. எனக்கே தெரியாது. மதுரைல அத எப்பமும் போட்டேதான் வச்சிருப்பாவ. நான் ஒருநாளும் போட்டதே இல்ல."

அவள் கை நிற்கவில்லை. ரிப்பனைக் கட்டி முடித்தாள்.

"தெரியும்ட்டி."

"எப்பம்?"

"அங்கனயே. நான் ஒன்னயப் பாத்தேன், நீ தலையக் குனிஞ்சுட்டல்லா."

"பொறவு ஏன் வீட்டுல அப்படிச் சொன்னிய?"

"எனக்கு அது ஒரு நாளோட போச்சு. நீ மறுநாளும் அந்தப் பிள்ளைய முன்னால போய் நிக்கணும்லா." பிள்ளையின் தலையைத் தடவிச் சரிபண்ணினாள். "ஆனா கோவம் இருந்துச்சு. ரொம்ப நாளு இருந்துச்சு. எல்லாரும் சிரிக்கைல, நீ உள்ள வருவன்னு நெனச்சேன்."

இப்போதும் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பா தண்ணீரோடு வந்துவிட்டார். வண்டி வந்தது. பெட்டி, கூடை, பிள்ளை, எல்லாவற்றையும் ஏற்றினோம். மதினி ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தாள், பிறகு சீட்டில் ஏறி நின்ற பிள்ளை விழுந்துவிடாமல் பிடிக்க என் கையை விட்டாள்.

நான் அந்த வருஷக் கடைசிவரை அங்கேயே சொல்லிக்கொடுத்தேன். வேறு போக்கு இல்லை. பிறகு ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்து விலகினேன். கம்ப்யூட்டர் கடைசிவரை வரவில்லை. தடுப்புப் பலகையை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் டைப்ரைட்டர் போட்டுவிட்டார் அண்ணாச்சி.

நான் விலகுவதற்கு முன்னால் பம்பாயிலிருந்து மதினி ஒரு இன்லண்ட் எழுதியிருந்தாள். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது, பிள்ளையைச் சேர்க்க வேண்டும், கிளம்புமுன் ஒரு மாதம் போன இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கி அனுப்பு என்று. மூன்று நாள் அலைந்தேன். முதல் நாள் பெரிய டீச்சர் லீவு. மறுநாள் ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருக்கிறவர் வரவில்லை. மூன்றாம் நாள் பக்கத்திலேயே நின்று, பிறந்த தேதியையும் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து வாங்கினேன். தென்காசி தபாலாபீசில் ரிஜிஸ்டர் பண்ணி அனுப்பினேன்.

ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று என்று பதில் வந்தது. கடிதத்தின் அடியில் பிள்ளை தன் பெயரைப் பென்சிலால் பெரிது பெரிதாக எழுதியிருந்தது. மதினி அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. நானும் கேட்டு எழுதவில்லை.